சம்பந்தி வந்திருக்கிறார்

தன்னைத்தானே ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாக அழைத்துப் பேசிக்கொண்ட மனிதர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். சும்மா சொல்லவில்லை. அரசாங்கத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மாவட்டத்துக் கிணறுகளை எண்ணியிருக்கிறேன், பம்புசெட்டுகளை எண்ணியிருக்கிறேன், காய்க்கும் தென்னை, காய்க்காத தென்னை என்று பிரித்தும் எண்ணியிருக்கிறேன். போகிற வழியில் தனக்குத்தானே பேசிக்கொள்கிறவர்களையும் நிறையப் பார்த்தேன். அத்தனை பேரும் தங்களைத் தாங்களே வைதுகொள்கிறவர்கள். ‘ஒனக்கு அறிவிருக்காடா’ என்று சொந்த நெற்றியில் அடித்துக்கொள்கிறவர்கள். அந்தக் கணக்கில் நானும் ஓர் ஆள். தன் மனதுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவர் அவர் ஒருவர் மட்டுமே.

அந்த ஒருவர் என் வீட்டு மாடிக்குத்தான் குடி வர வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அவருடைய பெயர் வாடகை ஒப்பந்தத்தோடு சரி. தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘சம்பந்தி’. அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிவிட்டார். ஒரே மகன் ஓசூரில். “நான் ஒத்த ஆளுதாங்க சார்” என்று சொல்லித்தான் சாவி வாங்கினார். மொட்டை மாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே நான் யாரையும் குடி வைப்பது. ஒற்றை ஆள் என்றதும் மனம் குளிர்ந்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே மாடியில் பேச்சுக் குரல்.

“வாங்க சம்பந்தி. வெள்ளனவே வந்துட்டீங்களே. இப்பிடி உக்காருங்க. அப்பிடிங்களா? சரிங்க, சரிங்க. நீங்க சொன்னா அதுல ஒரு இது இருக்கும். மொதல்ல காப்பியச் சாப்புடுங்க.”

குடி வந்த மறுநாளே விருந்தாளியா? மாடிப்படிக்கு அடியில் போய்ச் செருப்புகளை எண்ணினேன். ஒரே ஜோடி. வந்த விருந்தாளி வெறுங்காலோடு வந்திருக்கலாம், வேண்டுதலாக இருக்கலாம் என்று நினைத்து, கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரும் இறங்கி வரவில்லை. மத்தியானம் மறுபடியும், “வாங்க சம்பந்தி.” சாயங்காலம் மறுபடியும். ஆக, அந்த மனுஷன் உள்ளேயே தங்கிவிட்டான். குளிப்பான். துணி துவைப்பான். தொட்டி கதி என்ன?

நானே படியேறிப் போனேன். கட்டிலில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கையில் ஒரு டம்ளர்.

“சம்பந்தி எங்கே?”

“இப்பத்தாங்க சார் போனாரு.”

“எந்த வழியா?”

அவர் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினார்.

அவர் நிதானமாக விளக்கினார். “மண்டைக்குள்ள ஒருத்தரு உக்காந்து, அது நடந்துருமோ, இது வந்துருமோன்னு ஓதிக்கிட்டே இருப்பாருல்ல, அவரத்தான் சொல்றேன். வெரட்டுனாப் போக மாட்டேங்கிறாரு. சண்ட போட்டா நாளெல்லாம் சண்டதான். அதான் சம்பந்தியாக்கிட்டேன். சம்பந்தி வந்தா என்ன செய்வோம்? உக்கார வைப்போம், காப்பி குடுப்போம், சொல்றதையெல்லாம் கேட்டுக்கிருவோம். அதுக்காக அவரு சொல்றபடியா வீட்ட நடத்துவோம்?”

“அவர் எப்போது போவார்?”

“காப்பி முடிஞ்சா எந்திரிச்சிருவாருங்க. சம்பந்திமாருக்குக் கூச்சம் ஜாஸ்தி.”

கீழே வந்து என் மனைவி மீனாளிடம், பைத்தியத்தைக் குடி வைத்துவிட்டோம் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, “அந்த அண்ணன் பேசுறது வெளிய கேக்குது, அவ்வளவுதான். நீங்க உள்ளுக்குள்ள பேசுறதும் எனக்குக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு, நீங்க பல்லக் கடிக்கிற சத்தத்துல” என்றாள்.

அந்த மனிதரோடு வெளியே போவதைப் போன்ற தொல்லை வேறு கிடையாது. ரேஷன் கடையில் எங்கள் இருவரையும் ஒன்றாக வரிசையில் நிறுத்திவிட்டது விதி. எங்களுக்கு முன்னால் பதினாலு பேர். அவருடைய முறை வந்தபோது ரேகை வைக்கிற மெஷின் அவர் கட்டை விரலை ஏற்கவில்லை. காலமெல்லாம் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்த விரல், வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. துடைத்து வைத்தார், ஈரம் செய்து வைத்தார். மெஷின் சிவப்பு விளக்கு காட்டியது. கடைக்காரர், “பெருசு, கொஞ்சம் ஒதுங்கி நில்லு” என்றார்.

சம்பந்தி ஒதுங்கினார். ஒதுங்கி, காலியாக இருந்த வேப்ப மரத்தடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். “என்ன சொல்றீங்க சம்பந்தி? ரேக போயிருச்சுன்னா ஆளே போயிட்டாருன்னு கவர்மெண்டுல எழுதிருவாங்களா? பென்ஷன் நின்னுருமா? இருக்கலாங்க, நீங்க நாலும் தெரிஞ்சவரு. ஆனா காலையில ஆறு இட்லி சாப்பிட்டது யாருங்கிறதையும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க.”

வரிசையில் இருந்த அத்தனை பேரும் மரத்தடியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். கூட வந்தவன் நான்தானே.

இன்னொரு நாள் திருமயத்தில் ஒரு கல்யாணம். பேருந்து நிலையத்தில் பஸ்ஸில் ஏறக் கால் வைத்தவர், திரும்பிக் கையைக் காட்டி, “சம்பந்தி, இதுல எடமில்ல. அடுத்த வண்டியில வாங்க” என்று சொல்லிவிட்டு ஏறினார். கண்டக்டர் குரல் என்பதால், எங்களுக்குப் பின்னால் ஏற வந்த உண்மையான ஆள் ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். பஸ் காலியாகத்தான் இருந்தது. நான் எண்ணிவிட்டேன், இருபத்தொரு இருக்கை காலி. அந்த மனிதர் வெயிலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சம்பந்தியோ ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வரும்வரை தூங்கினார். நான் தூங்கவில்லை. நின்ற ஆளுக்கு முகூர்த்தம் தவறியிருக்குமோ என்ற கவலையிலேயே சாப்பாட்டில் பாயசம் வந்தது தெரியவில்லை.

இப்படிப்பட்டவரிடம் நானே கைகட்டி நிற்க நேர்ந்தது மீனாளின் முழங்காலால்.

அவளுக்கு வலது முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. வாசல்படி மூன்றுதான். அதை இறங்க அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு போல இறங்க வேண்டும். ஆபரேஷன் செய்தால் நன்றாக நடக்கலாம் என்று திருச்சியில் டாக்டர் சொன்னார். இனியும் தள்ளிப்போட்டால் கால் வளைந்துவிடும் என்றும் சொன்னார். மீனாளுக்குப் பயமே இல்லை. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. “உழவர் சந்தைக்கு நானே தனியா நடந்து போகணும். கத்திரிக்காய ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாத்து வாங்கணும். பக்கத்துல நின்னுக்கிட்டு யாரும் அத எண்ணக் கூடாது.”

தேதி குறித்தார்கள். எனக்குள் ஓதல் தொடங்கியது. நடுவில் கரண்ட் போனால்? மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஜெனரேட்டர் இருக்கிறது என்றார்கள். டீசல் இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் என்று நான் கேட்டபோது போனை வைத்துவிட்டார்கள். அப்படி வைக்கிற ஆட்களை நம்பிக் காலைக் கொடுப்பதா? ரத்து செய்தேன். இரண்டாவது தேதி குறிக்கப் போனபோது டாக்டர் தும்மினார். ஒற்றைத் தும்மல். அதையும் ரத்து செய்தேன்.

முதல் தடவை மீனாள் சத்தம் போட்டாள். இரண்டாவது தடவை ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காய்கறி வாங்கப் போகும்போது, என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், “எதையாவது வாங்கிட்டு வாங்க” என்றாள். கத்திரிக்காயைப் பற்றி அரைமணி நேரம் பேசக்கூடியவள் அவள். அவள் சண்டை போடாத வீட்டில் சுவர்க் கடிகாரம் கூட என்னைத் திட்டுவது போலிருந்தது. ‘மனுஷனாடா நீ’ என்று உள்ளே ஒரு குரல். ‘கூட்டிக்கொண்டு போய் ஏதாவது ஆகிவிட்டால் அப்போதும் நீ மனுஷனில்லை’ என்று அதே குரல். இரண்டு பக்கமும் அடிக்கிற மத்தளம்.

ஒருநாள் அவளே மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “அண்ணே, இவருக்கும் ஒரு சம்பந்திய ஏற்பாடு பண்ணிக் குடுங்க. தனியாக் கெடந்து அல்லாடுறாரு.”

அவர் இறங்கி வந்தார். நாற்காலி போட வேண்டிய இடம், காப்பியின் அளவு, எப்போது தலையாட்ட வேண்டும், எப்போது ‘அப்பிடிங்களா’ போட வேண்டும் என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். மூன்றாவது தேதி குறித்தாயிற்று. நான் கூடத்தில் நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தேன். வந்தது. ‘மயக்க மருந்து கொடுத்து, எழுந்திருக்காமல் போனால்?’

“வாங்க சம்பந்தி” என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்துவிட்டது. ஏனென்றால் சம்பந்தி என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். திருமயத்துப் பக்கத்தில் என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்காரர். கல்யாணத்தன்று ரசத்தில் மிளகு குறைவு என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல, பந்தியை நிறுத்தி வேறு ரசம் வைத்தவன் நான். அந்த முகம் நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, ‘ஆபரேஷன் எதுக்குங்கிறேன்? ஒத்தடம் குடுத்தாப் போதாதா?’ என்றது.

“நீங்க சொன்னாச் சரிங்க சம்பந்தி” என்றேன். போனை எடுத்தேன். மூன்றாவது தேதியும் போயிற்று.

விஷயம் தெரிந்து மேல்வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். துண்டு கைக்கு வந்ததைச் சொன்னபோது நிமிர்ந்தார்.

“சார், ஒங்களுக்குப் பொண்ணா, பையனா?”

“ஒரே பெண்.”

“போச்சு. தப்பு என் மேலதாங்க. டிக்கெட்ட மாத்திக் கிழிச்சுட்டேன். நான் பையனப் பெத்தவன். என் சம்பந்தி வல்லத்திராக்கோட்டக்காரரு, தங்கமான மனுஷன். கடலை மூட்டையோட வருவாரு, சேரு நுனியில உக்காருவாரு, பாதிக் காப்பியிலயே ‘அப்ப நான் வாரேங்க’ம்பாரு. நீங்க பொண்ணக் குடுத்தவரு. ஒங்களுக்குச் சம்பந்தின்னா அவரு கலெக்டருல்ல. கலெக்டர மண்டைக்குள்ள உக்கார வச்சுட்டு எப்பிடிங்க எந்திரிக்கச் சொல்றது?”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“வேற ஒறவுதான் பாக்கணும். பங்காளி வேணாம், வந்தாப் பாகம் கேப்பான். மாப்பிள்ளையும் வேணாம், அது சம்பந்தியவிட மோசம்.”

ஜன்னல் பக்கத்திலிருந்து மீனாள் வாயைத் திறந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவளாகப் பேசிய பேச்சு அது. “எங்க அண்ணன வச்சுப் பாருங்க. எங்க அண்ணன் சொல்லி இவரு இதுவரைக்கும் எதக் கேட்டிருக்காரு?”

உண்மை. அவளுடைய அண்ணன், என் மச்சான், அறந்தாங்கியில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை உண்டு. கல்யாணப் பந்தலில் ஆரம்பித்து இன்றுவரை அவர் வாயைத் திறந்தால் நான் கேலி செய்வேன். அவரும் திருப்பிச் செய்வார். மச்சானைக் கேலி செய்யாவிட்டால்தான் வீட்டில் என்ன தகராறு என்று ஊரில் கேட்பார்கள்.

“அம்மா சொன்னதுதான் ரைட்டு” என்று கண்டக்டர் விசில் கொடுப்பது போலச் சொல்லிவிட்டு மாடியேறினார்.

பிறகு நடந்தவை எனக்கே வெட்கமானவை. முழுக்கை சட்டை போட்டு, குறிப்பேட்டில் கையெழுத்திட்டு, மாவட்டத்தையே எண்ணிய நான், காலி நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். “வாய்யா மச்சான். டீசல்ல தண்ணியா? ஒன் சிமெண்டுல மண்ணக் கலக்குற மாதிரின்னு நெனச்சியா? இங்கிட்டு உக்காரு. காப்பியக் குடி. கடைக்கு ஆளு வந்துருக்கும், போ.” என்ன ஆச்சரியம் என்றால், அவர் போனார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். திரும்பவும் வந்தார், மச்சான் அல்லவா. திரும்பவும் அனுப்பினேன். மீனாள் உள்ளே வெங்காயம் உரித்தபடி சிரிக்கும் சத்தம் கேட்டது. நாலாவது தேதி குறித்தோம்.

ஆபரேஷன் அன்று திருச்சிக்கு மாடிவீட்டுச் சம்பந்தியும் வந்தார், மடியில் டிபன் கேரியரோடு. மீனாளை உள்ளே தயார் செய்த நர்ஸ் வெளியே வந்து, “யாரு சார் இது, இடது கால்ல பிளாஸ்டர் ஒட்டி, ‘இந்தக் கால் இல்லை’ன்னு எழுதி வச்சது?” என்றார். நான் கூரையைப் பார்த்தேன். மின்விசிறி எட்டு. ஓடுவது ஆறு.

தியேட்டர் கதவு மூடியது. மூடிய உடனே உள்ளே ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை சின்ன ஓதல் இல்லை, பெருமழை. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். “மச்சான், உள்ள கெடக்கிறது ஒன் தங்கச்சி. நல்ல வார்த்த சொல்றதா இருந்தாச் சொல்லு. இல்ல, வாய மூடிட்டு உக்காரு.”

“நான் வாயே தொறக்கலையே மாப்ள” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். அறந்தாங்கி மச்சான், ஆரஞ்சுப் பழப் பையோடு, சற்று முன்புதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். ஹாலில் இருந்த எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

சம்பந்தி குறுக்கே புகுந்தார். “ஒங்கள இல்லைங்க. அவரு சொன்னது வேற மச்சான.”

மச்சான் முகம் மாறியது. “வேற மச்சானா? எந்தங்கச்சிக்கு நான் ஒரே அண்ணந்தானய்யா. இன்னொரு மச்சான் எங்கிட்டுருந்து வந்தான்? மாப்ள, இந்த வயசுலயா?”

விளக்கிச் சொல்ல முடியுமா? விளக்கினோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு மூலைக்குப் போய் அறந்தாங்கிக்குப் போன் செய்து தாழ்ந்த குரலில் யாரிடமோ விசாரித்தார்.

எரிச்சலோடு சம்பந்தியின் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். அவர் மடியில் இருந்த டிபன் கேரியரின் மூடி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. அவர் கைதான் ஆடுகிறது. உதடு மட்டும் அசைந்தது. “இன்னைக்கு நீங்க வர வேணாங்க சம்பந்தி. இன்னைக்கு மட்டும் வேணாம்.”

“என்ன இது? உங்களுக்கே பயமா?” என்றேன்.

“எனக்குத்தாங்க சார் ரொம்பப் பயம். பயமில்லாதவனுக்கு எதுக்குங்க சம்பந்தி?” என்றவர், கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “சர்வீஸ் பூராவும் என்னைய ஊரே ‘யோவ் கண்டக்டரு’ன்னுதான் கூப்புட்டுச்சு. சில்லற இல்லன்னாலும் யோவ், வண்டி நிக்கலன்னாலும் யோவ். வீட்டுக்குப் போயிப் படுத்தா மண்டைக்குள்ள இருக்கவனும் யோவ்னுதான் ஆரம்பிப்பான். ‘யோவ், ஒனக்கு என்னய்யா தெரியும், நீயெல்லாம் ஒரு ஆளா’ன்னு. ரிட்டையர் ஆகிப் பையத் தோள்லருந்து எறக்குன அன்னைக்குச் சொல்லிட்டேன். இனிமே நமக்குள்ள வாங்க போங்கதான். நான் மரியாத குடுக்கிறேன், நீங்களும் குடுங்க. அவ்வளவுதாங்க சார். வேற வித்தையெல்லாம் ஒண்ணுமில்ல.”

அவர் கையிலிருந்து கேரியரை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அங்கேயும் அது ஆடத்தான் செய்தது. “வாங்க, காப்பி சாப்பிடலாம்” என்றேன். அவரிடம் சொன்னேனா, அவருடைய சம்பந்தியிடமா, என் மச்சானிடமா என்று எனக்கே தெரியாது. அறந்தாங்கி மச்சானும் சேர்ந்து எழுந்து வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்த மீனாள் முதலில் கேட்டது, “வெளிய எல்லாரும் இருக்காங்களா?” இரண்டாவதாக, “இவரு மானத்த வாங்குனாரா?”

வாக்கர் பிடித்து நடந்தாள், பிறகு குச்சி பிடித்து நடந்தாள். அவள் குச்சியைக் கதவு மூலையில் சாத்தி வைத்த சமயத்தில் ஓசூரில் சம்பந்திக்குப் பேரன் பிறந்தான். மகன் காரோடு வந்து அவரை அழைத்துப் போனான். போகும்போது கூட உருப்படியாகப் போகவில்லை. குழாயைச் சரியாக மூடவில்லை. சாவியை மாற்றிக் கொடுத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுவிட்டீர்களே என்று நான் மாடியிலிருந்து கத்தினால், “அது என்னோடது இல்லைங்க சார், வர்றவருக்குப் போட்டது” என்று காருக்குள்ளிருந்து பதில்.

சென்ற வாரம் மீனாள் உழவர் சந்தைக்குக் கிளம்பினாள். தனியாக. மூன்று படிகளையும் நேராக இறங்கினாள். கேட்டைச் சாத்திவிட்டு, “பின்னாலேயே வந்தீங்கன்னா தெரியும்” என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

நான் கேட் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரமாயிற்று. தெரு முனையில் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். டூவீலர்கள் கண்மண் தெரியாமல் வருகின்றன. காய்க் கழிவில் வழுக்கினால்? ஓதல் வந்துவிட்டது. மச்சானை விரட்ட வாயைத் திறந்தேன். ஆனால் உள்ளே யாரோ முந்திக்கொண்டார்கள். “வாங்க சார். இப்பிடி உக்காருங்க. கத்திரிக்காய்னா நேரம் ஆகத்தாங்க செய்யும். வந்துருவாங்க.” அது என் குரல் இல்லை. ‘உள்ள ஏறிப் போங்க, உள்ள ஏறிப் போங்க’ என்று காலமெல்லாம் கத்தித் தேய்ந்துபோன ஒரு குரல். சாப்பிட்டீர்களா என்று கூடக் கேட்டது.

நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட் தட்டப்பட்டது. ஓர் இளம் தம்பதி. நல்ல குடும்பமாகத் தெரிந்தது. இரண்டே பேர். தொட்டிக்குச் சேதமில்லாத எண்ணிக்கை.

“மாடி காலியா இருக்குன்னு சொன்னாங்க.”

தெரு முனையில் மீனாள் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தாள், நேராக நடந்து. நான் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் வழியே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு தெரிந்தது.

“இல்லைங்க” என்றேன். “ஆள் இருக்கு.”